கம்பியில்லா வலையமைப்பில் மல்டிகாஸ்ட்: இழப்பைக் கணக்கிட்டு வடிவமைத்தல்

ஒரே தரவை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் முறை மல்டிகாஸ்ட் எனப்படுகிறது. அனுப்புநர் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒருமுறை மட்டுமே அனுப்ப, அதைப் பிரதியெடுத்து உரிய கிளைகளுக்குப் பிரித்துவிடும் வேலையை வழியிலுள்ள ரவுட்டர்களும் சுவிட்சுகளும் ஏற்கின்றன. ஸ்டீவ் டீரிங் 1989இல் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்னும் ஆவணம் இதன் அடிப்படையை வகுத்தது. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய முகவரி எந்தத் தனிக் கணினியையும் குறிக்காமல் ஒரு குழுவைக் குறிப்பதால், அக்குழுவுக்கு வருவதைப் பெற விரும்பும் கருவி ஐஜிஎம்பி என்னும் நெறிமுறை வழியே தன் விருப்பத்தை அறிவிக்கிறது. கம்பி வழி வலையமைப்பில் பெரிய சிக்கலின்றி ஓடும் இந்த ஏற்பாட்டை மாற்றம் எதுவும் செய்யாமல் வைஃபைக்குக் கொண்டுசெல்லும்போது படம் சிதறுகிறது, கோப்பு முழுமையடைவதில்லை, அதே ஆக்சஸ் பாயின்டைப் பயன்படுத்தும் மற்றவர்களின் இணைப்பும் மந்தமாகிறது. இம்மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பதால், தீர்வையும் ஒரே கணக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வைஃபை குழுவை நடத்தும் விதம்

ஐஇஇஇ 802.11 தரத்தின்படி, ஒரு தனிக் கருவிக்கு அனுப்பிய பாக்கெட் சரியாகச் சேர்ந்தால் பெறுநர் உடனே ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வராவிட்டால் ஆக்சஸ் பாயின்ட் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பதோடு, தேவைப்பட்டால் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. அலையில் நேரும் இழப்பின் பெரும்பகுதி பயனர் கண்ணில் படாமலே போவது இதனால்தான். குழுவுக்குச் செல்லும் பாக்கெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, ஏனெனில் நூறு கருவிகள் ஒரே கணத்தில் ஒப்புகை அனுப்பினால் அவை ஒன்றோடொன்று மோதி அழிந்துவிடும். ஒப்புகை இல்லாதபோது எந்த வேகம் பெறுநர்களுக்கு ஏற்றது என்று அறியவும் வழியில்லை. ஆகவே ஆக்சஸ் பாயின்ட் எல்லோரையும் எட்டும் என்ற கருத்தில், அடிப்படை வேகங்கள் எனப்படும் மெதுவான வேகங்களுள் ஒன்றையே தேர்ந்துகொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பெரும்பாலும் விநாடிக்கு 1 மெகாபிட்டாகவும் 5 கிகாஹெர்ட்சில் 6 மெகாபிட்டாகவும் இருக்கும்.

மின்சேமிப்பும் இதில் குறுக்கிடுகிறது. ஆக்சஸ் பாயின்டோடு இணைந்த கருவிகளுள் ஒன்றேனும் உறக்க நிலையில் இருந்தால், குழுவுக்கான பாக்கெட்டுகள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட்டு, ஆக்சஸ் பாயின்ட் இடைவெளிவிட்டு வெளியிடும் பீக்கன் என்னும் அறிவிப்புகளுள் டிடிஐஎம் எனப்படும் சிறப்பு பீக்கனுக்குப் பின் மொத்தமாக வெளியிடப்படும். பீக்கன்களுக்கு இடையிலான வழக்கமான இடைவெளி 102.4 மில்லி விநாடி. மூன்று பீக்கனுக்கு ஒருமுறை என்று டிடிஐஎம் அமைக்கப்பட்டிருந்தால் ஏறத்தாழ 307 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் கதவு திறக்கும், அதற்குள் இடையகம் நிரம்பினால் வந்தவை உதிர்ந்துபோகும். அனுப்பும் கணினியில் பாக்கெட்டுகளை எவ்வளவு சீராக இடைவெளிவிட்டு அனுப்பினாலும் அந்தச் சீர்மை ஆக்சஸ் பாயின்டைத் தாண்டுவதில்லை. ஆகவே காணொளிக்கு டிடிஐஎம் மதிப்பை 1 என்றே வைக்க வேண்டும்.

அனுப்பும் கணினியும் வைஃபையிலேயே இருந்தால், அதன் பாக்கெட் முதலில் ஆக்சஸ் பாயின்டுக்குத் தனி அனுப்புகையாக, ஒப்புகையோடு, சென்று சேர்ந்த பிறகே குழுவுக்கு வெளியிடப்படுகிறது. ஒரே தரவு அலையை இருமுறை அடைத்துக்கொள்கிறது. அனுப்புநரைக் கம்பியில் இணைப்பது மிக எளிய திருத்தம், அதிகம் மறக்கப்படுவதும் அதுவே. குழு அனுப்புகையின் இத்தகைய குறைபாடுகளை, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2021இல் ஆர்எஃப்சி 9119 என்னும் ஆவணத்தில் தொகுத்து வெளியிட்டிருக்கிறது.

முதல் கணக்கு: அலைவரிசை நேரம்

கம்பியில்லா வலையமைப்பில் உண்மையான செலவு பிட்டுகளில் இல்லை, அவை அலைவரிசையை எவ்வளவு நேரம் அடைத்துக்கொள்கின்றன என்பதில் இருக்கிறது. விநாடிக்கு 4 மெகாபிட் அளவுள்ள ஒரு காணொளியை எடுத்துக்கொள்ளலாம். எம்பெக் போக்குவரத்து ஓடையின் 188 பைட் துண்டுகள் ஏழை ஒரு பாக்கெட்டில் அடைப்பது வழக்கம். அதன்படி பாக்கெட்டுக்கு 1,316 பைட், விநாடிக்குச் சுமார் 380 பாக்கெட். தலைப்புகளையும் ஒவ்வோர் அனுப்புகைக்கும் முன்னுள்ள காத்திருப்பையும் சேர்த்தால், 6 மெகாபிட் வேகத்தில் ஒரு பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 2 மில்லி விநாடி ஆகிறது. அதாவது ஒவ்வொரு விநாடியிலும் முக்கால் விநாடியை இந்த ஒரே காணொளி எடுத்துக்கொள்கிறது. 1 மெகாபிட் வேகத்திலோ ஒரு விநாடிக் காணொளியை அனுப்ப நான்கு விநாடிக்கு மேல் வேண்டும், ஆகவே அந்த அமைப்பில் எந்தப் பிழைதிருத்த முறையும் உதவாது. அடிப்படை வேகத்தை 24 மெகாபிட்டாக உயர்த்தினால் அதே காணொளி சுமார் 22 விழுக்காட்டு நேரத்தில் அடங்கிவிடும்.

மறுபுறம், நவீன வைஃபையில் தனித்தனியாக அனுப்பும்போது நடைமுறையில் 200 மெகாபிட் கிடைக்கிறது என்று கொண்டால், ஒரு பெறுநருக்கு 2 விழுக்காட்டு நேரமே போதும். எனவே 24 மெகாபிட்டில் நடக்கும் மல்டிகாஸ்ட், பெறுநர் எண்ணிக்கை 11ஐத் தாண்டிய பிறகே லாபம் தரும். 6 மெகாபிட்டில் நடக்கும் மல்டிகாஸ்டுக்கு 37 பேருக்கு மேல் தேவைப்படுவர். பத்துக்கும் குறைவான பெறுநர்கள் உள்ள அறையில் மல்டிகாஸ்டை அலையில் விடாமல், ஆக்சஸ் பாயின்டே ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியாக மாற்றி அனுப்பும் வசதியை இயக்குவதே அறிவுடைமை. லினக்ஸின் ஹோஸ்ட்ஏபிடி மென்பொருளிலும் நிறுவனங்களுக்கான ஆக்சஸ் பாயின்டுகள் பலவற்றிலும் இவ்வசதி இருக்கிறது. ஒப்புகை, மறு அனுப்புகை, வேகத் தேர்வு ஆகிய மூன்றும் இதில் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. 2012இல் வெளியான 802.11ஏஏ என்னும் திருத்தம் குழு அனுப்புகைக்கே மறு அனுப்புகையையும் தொகுப்பு ஒப்புகையையும் வகுத்திருந்தாலும், இரு முனைகளிலும் அதை ஏற்கும் கருவிகள் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யாமல் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

கேட்டபின் கொடுப்பதா, முன்பே கொடுப்பதா

பெறுநர் எண்ணிக்கை கூடக் கூட, இழந்ததைக் கேட்டு வாங்கும் முறை விரைவில் தளர்ந்துவிடும். ஒவ்வொரு பெறுநருக்கும் இழப்பு 1 விழுக்காடுதான் என்று வைத்துக்கொண்டாலும், நூறு பேர் உள்ள குழுவில் ஒரு பாக்கெட் அனைவருக்கும் சேரும் வாய்ப்பு 37 விழுக்காடே. அதாவது மூன்றில் இரண்டு பாக்கெட்டுகளுக்கு யாரேனும் ஒருவர் மறு அனுப்புகை கேட்பார். அனைவரும் ஒரே வேளையில் கேட்கும்போது அனுப்புநர் திணறும் நிலையை இழப்பு அறிவிப்பு வெடிப்பு எனலாம். ஆசிரியர் சொல்வதை எழுதும் வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் தான் தவறவிட்ட வேறுவேறு வரியை ஒரே நேரத்தில் உரக்கக் கேட்டால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்கிறது.

இதற்கு மாற்றானது முன்கூட்டிய பிழைதிருத்தம். அனுப்புநர் மூலப் பாக்கெட்டுகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கணித முறையில் சில கூடுதல் பாக்கெட்டுகளை உருவாக்கி உடன் அனுப்புகிறார். இவற்றை ஈட்டுப் பாக்கெட்டுகள் என்று அழைக்கலாம். வைஃபையில் சிதைந்த பாக்கெட் சரிபார்ப்புத் தொகையில் தோற்று அடியோடு கைவிடப்படுவதாலும், வரிசை எண்ணில் விழும் இடைவெளியைக் கொண்டு எது வரவில்லை என்பது பெறுநருக்குத் தெரிந்துவிடுவதாலும், தவறு எங்கே என்று தேடும் வேலை இல்லை; காலியிடத்தை நிரப்பும் வேலை மட்டுமே எஞ்சுகிறது. இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட ரீட்-சாலமன் குறிமுறையில், 20 மூலப் பாக்கெட்டோடு 6 ஈட்டுப் பாக்கெட் சேர்த்தால், அந்த 26இல் எந்த 20 வந்தாலும் தொகுதி முழுதும் மீண்டுவிடும். ஒருவர் மூன்றாவதையும் மற்றொருவர் பதினேழாவதையும் இழந்திருந்தாலும் ஒரே ஈட்டுப் பாக்கெட் இருவரின் குறையையும் தீர்ப்பதே இதன் சிறப்பு. ஜோர்க் நோனன்மாக்கர், எர்ன்ஸ்ட் பியர்சாக், டான் டவ்ஸ்லி ஆகியோர் 1997இல் மல்டிகாஸ்டுக்கு இதன் பயனை ஆராய்ந்து காட்டினர்.

எத்தனை ஈட்டுப் பாக்கெட் என்பதை ஊகித்து முடிவு செய்யக் கூடாது. இழப்பு 5 விழுக்காடு என்றும் ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியே தொலைகிறது என்றும் கொண்டால், பாதுகாப்பற்ற 20 பாக்கெட் தொகுதிகளில் 64 விழுக்காடு குறைபட்டுப் போகும். நான்கு ஈட்டுப் பாக்கெட் சேர்த்தால் அது 0.6 விழுக்காடாக விழுகிறது. ஒருவருக்கு இது போதுமானதாகத் தோன்றினாலும், நூறு பெறுநர்களில் ஒருவரேனும் ஒரு தொகுதியை இழக்கும் வாய்ப்பு இன்னும் 45 விழுக்காடாகவே நிற்கிறது. ஈட்டுப் பாக்கெட்டை ஆறாக உயர்த்தினால் தனி ஒருவரின் தோல்வி பத்தாயிரத்தில் இரண்டாகவும், நூறு பேருக்குமான கணக்கு சுமார் 2 விழுக்காடாகவும் குறைந்துவிடும்.

இந்த ஆறு பாக்கெட்டின் விலை 30 விழுக்காட்டுக் கூடுதல் அலைவரிசை நேரம் என்பதால், வேகமும் ஈடும் ஒருசேரத் தீர்மானிக்கப்பட வேண்டியவையாகின்றன. 6 மெகாபிட்டில் ஏற்கெனவே 75 விழுக்காடு நிரம்பிய அலை இந்தச் சுமை ஏறியதும் 98 விழுக்காட்டைத் தொட்டு, நெரிசலால் புதிய இழப்பை உண்டாக்கும். 24 மெகாபிட்டிலோ 22 விழுக்காடு 29ஆக உயர்வதோடு நின்றுவிடும். வேகத்தை உயர்த்தும்போது அறையின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இழப்பு கூடுவது உண்மையே. ஆயினும் அந்த இழப்பை ஈட்டுப் பாக்கெட்டுகளால் தாங்கிக்கொள்வது, எல்லோரையும் மெதுவான வேகத்துக்கு இழுத்துவிடுவதை விடப் பெரும்பாலும் மலிவானது. அப்படியும் எட்டாத ஓரிரு கருவிகளுக்காகக் குழு முழுவதையும் தண்டிப்பதற்குப் பதில், அவற்றுக்குத் தனி அனுப்புகை அளிப்பதோ, அருகில் இன்னோர் ஆக்சஸ் பாயின்ட் நிறுவுவதோ சரியான வழி.

கொத்தாக வரும் இழப்பு

மேற்கண்ட கணக்கில் ஒரு வசதியான பொய் ஒளிந்திருக்கிறது. அலையில் பாக்கெட்டுகள் தனித்தனியே தொலைவதில்லை. ஒருவர் குறுக்கே நடந்தாலும், பக்கத்து அறையில் மைக்ரோவேவ் அடுப்பு இயங்கினாலும், அண்டை வலையமைப்பு ஒன்று பேசத் தொடங்கினாலும் தொடர்ச்சியாகப் பல பாக்கெட்டுகள் போய்விடுகின்றன. தடத்துக்கு நல்ல நிலை, கெட்ட நிலை என இரண்டு உண்டு என்றும், அது அவற்றிடையே மாறிமாறித் தாவுகிறது என்றும் கொள்ளும் கில்பர்ட்-எலியட் மாதிரி இதை ஓரளவு நன்றாகவே விவரிக்கிறது. எட்கர் கில்பர்ட் 1960இல் முன்வைத்ததை எலியட் 1963இல் விரிவாக்கினார்.

விநாடிக்கு 4 மெகாபிட் காணொளியில் 50 மில்லி விநாடி நீளும் ஒரு தடை 20 முதல் 25 பாக்கெட்டுகளை விழுங்கிவிடும், ஆகவே 20க்கு 6 என்ற அமைப்பு அதன்முன் ஒன்றுமில்லை. தொகுதியைப் பெரிதாக்குவதே மருந்து. எட்டு பிட் குறியீட்டு அலகில் இயங்கும் ரீட்-சாலமன் ஒரு தொகுதியில் 255 பாக்கெட் வரை அனுமதிப்பதால், 215 மூலப் பாக்கெட்டோடு 40 ஈட்டுப் பாக்கெட் என்று அமைத்தால், அத்தகைய ஒரு தடையையும் வழக்கமான 5 விழுக்காட்டு இழப்பையும் சேர்த்தே தாங்கலாம்; கூடுதல் சுமையும் 30 விழுக்காட்டிலிருந்து 19ஆகக் குறைகிறது. சிறு தொகுதிகளையே வைத்துக்கொண்டு அவற்றின் பாக்கெட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து அனுப்பும் இன்டர்லீவிங் முறையும் இதே பயனைத் தரும். இரண்டிலும் விலை தாமதம்தான்: 215 பாக்கெட் சேர அரை விநாடிக்கு மேல் ஆகிறது. மேடை கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக் கூடத்தில் திரையைப் பார்ப்பவர்களுக்கு இந்த அரை விநாடி பொருட்டில்லை; மேடையை நேரில் பார்த்துக்கொண்டே கைபேசியில் மொழிபெயர்ப்பொலியைக் கேட்பவர்களுக்கு உதட்டசைவும் ஒலியும் பிரிந்து எரிச்சலூட்டும்.

கோப்புகள்

கோப்புக்குத் தாமதம் பொறுக்கும், குறை பொறுக்காது. 100 மெகாபைட் கோப்பை 1,280 பைட் துண்டுகளாக வெட்டினால் 78,125 துண்டுகள் கிடைக்கும். இவற்றைச் சுழற்சியாகத் திரும்பத் திரும்ப அனுப்பும் எளிய முறையில், 5 விழுக்காடு இழப்புள்ள பெறுநருக்கு முதல் சுற்றுக்குப் பின் 3,900 துண்டுகளும், இரண்டாம் சுற்றுக்குப் பின் 195ம், மூன்றாம் சுற்றுக்குப் பின் பத்தும் எஞ்சுகின்றன. நான்கு முழுச் சுற்றுகள் முடிந்த பிறகும் பத்தில் நான்கு பெறுநர்களிடம் கோப்பு முழுமையாக இராது. ஒரே ஒரு துண்டுக்காக இன்னொரு சுற்றுக் காத்திருக்க வேண்டிய இந்த அவலத்தை ஊற்றுக் குறிமுறைகள் முற்றிலும் ஒழித்தன. மைக்கேல் லூபி, அமின் ஷொக்ரொல்லாஹி போன்றோரின் பணியில் வளர்ந்து, 2011இல் ஆர்எஃப்சி 6330ஆக வெளியான ராப்டர்கியூ இவற்றுள் தேர்ந்தது. அனுப்புநர் ஒரே கோப்பிலிருந்து ஏறக்குறைய முடிவின்றிப் புதுப்புதுப் பாக்கெட்டுகளை உருவாக்கிக்கொண்டே இருக்க, பெறுநர் எப்போது சேர்ந்தாலும், எவற்றை இழந்தாலும், மூலத் துண்டுகளின் எண்ணிக்கையை விட ஓரிரண்டு கூடுதலாகப் பெற்றுவிட்டால் கோப்பை மீட்டுவிடலாம். மேற்கண்ட பெறுநருக்கு நான்கு சுற்றுகளுக்குப் பதில், ஒரு சுற்றும் அதற்கு மேல் சுமார் 5.3 விழுக்காடும் போதும். ஒரு தொகுதியில் 56,403 துண்டுகளுக்கு மேல் இக்குறிமுறை ஏற்காது என்பதால் இந்தக் கோப்பை இரண்டு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

நெறிமுறையைப் புதிதாக எழுத முனைவது வீண் உழைப்பு. திரும்பிப் பேச வழியில்லாத தடத்துக்கு ஆர்எஃப்சி 6726இல் உள்ள ஃப்ளூட் போதுமானது. மறுமொழி வழி இருக்குமிடத்தில் ஆர்எஃப்சி 5740இல் உள்ள நார்ம் பொருந்தும். நார்மில் பெறுநர் தன் குறையை அறிவிக்குமுன் தற்செயலான சிறு நேரம் காத்திருந்து, அதே குறையை வேறொருவர் அறிவித்துவிட்டதைக் கேட்டால் தான் வாய் திறப்பதில்லை. கைபேசி வலையமைப்புக்கான எம்பிஎம்எஸ் ஏற்பாடு மூன்றாவது வழியைக் காட்டுகிறது: ஃப்ளூட்டில் கோப்பைப் பரப்பி முடித்தபின், அப்படியும் முழுமையடையாத சிலர் மட்டும் வெவ்வேறு நேரங்களில் தனி இணைப்பின் மூலம் மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றனர். நூற்றுக்கணக்கான கைக்கணினிகளுக்குப் பாடநூல்களையோ மென்பொருள் புதுப்பிப்பையோ அனுப்ப விரும்பும் நிறுவனங்களுக்கு இந்தக் கலவையே பொருத்தமானது.

காணொளி

காணொளியில் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. எச்.264 போன்ற கோடெக்குகள் சில சட்டகங்களை முழுமையாகவும், மற்றவற்றை முந்தையவற்றிலிருந்து மாறிய பகுதியை மட்டுமாகவும் குறிப்பதால், இரண்டு விநாடிக்கு ஒரு முழுச் சட்டகம் என்று அமைந்த ஓடையில் அந்தச் சட்டகத்தின் ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு விநாடி வரை படம் கறைபட்டே தெரியும். முழுச் சட்டகத்துக்கும் ஒலிக்கும் கூடுதல் ஈடு அளிப்பதும், முழுச் சட்டகத்தை ஒரு விநாடிக்கு ஒன்றாக்குவதும் பயன் தரும். பின்னதில் பிட் அளவு சற்றே கூடும். ஒலி அறுந்தால் பார்வையாளர் உடனே உணர்வர், படம் ஒரு கணம் நின்றால் பொறுத்துக்கொள்வர் என்பதால், ஒலியைத் தனி ஓடையாகப் பிரித்து அதற்கு இருமடங்கு ஈடு கொடுத்தாலும் செலவு அற்பமே.

ஸ்டீவன் மெக்கான், வான் ஜேக்கப்சன், மார்ட்டின் வெட்டர்லி ஆகியோர் 1996இல் முன்வைத்த அடுக்கு மல்டிகாஸ்ட் முறையில் காணொளி பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு அடுக்கும் தனிக் குழுவுக்குச் செல்ல, பெறுநர் தன் இணைப்பின் வலுவுக்கேற்ப அடுக்குகளைச் சேர்க்கவும் விடவும் செய்கிறார். இணையப் பெருவழியில் அழகாகப் பொருந்தும் இக்கருத்து ஒரே ஆக்சஸ் பாயின்டின் கீழ் வலுவிழக்கிறது, ஏனெனில் பலவீனமான பெறுநர் மேலடுக்கை விட்டு விலகினாலும், வேறொருவர் அதில் இருக்கும்வரை அது அலையை அடைத்துக்கொண்டே இருக்கும். அடுக்கு முறைக் கோடெக்குகளை விரித்துக் காட்டும் கருவிகளும் அரிது. உயர்தரம் ஒன்றும் குறைந்த தரம் ஒன்றுமாக இரு தனி ஓடைகளை வெவ்வேறு ஆக்சஸ் பாயின்டுகளில் விடுவது நடைமுறைக்கு எளிது.

குழு முகவரியும் பராமரிப்பும்

காணொளி நன்றாகத் தொடங்கி ஏறத்தாழ 260 விநாடிக்குப் பின் திடீரென்று நின்றுபோனால், இழப்பை ஆராய்வதற்கு முன் ஐஜிஎம்பி வினவியைத் தேட வேண்டும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும் அந்த வினவி வலையமைப்பில் இல்லாவிட்டால், உறுப்பினர் விவரத்தை ஒட்டுக்கேட்டு நினைவில் வைக்கும் சுவிட்ச், காலக்கெடு முடிந்ததும் ஓடையை அறுத்துவிடும். ரவுட்டரைத் தாண்ட வேண்டிய ஓடையில் டிடிஎல் எனப்படும் வாழ்நாள் எண் இயல்பாக 1 என்றே இருப்பதும் அடிக்கடி நேரும் இடறல். முகவரியை 239இல் தொடங்கும் உள்பயன்பாட்டு வரம்பிலிருந்து எடுக்கலாம், ஆனால் 239.0.0 என்று தொடங்குபவற்றைத் தவிர்க்க வேண்டும். குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே மேக் முகவரியில் இடம்பெறுவதால், இவை 224.0.0 வரிசையில் உள்ள கட்டுப்பாட்டு முகவரிகளோடு ஒன்றாகி, பல சுவிட்சுகளில் எல்லா முனைகளுக்கும் கொட்டப்படும்.

அளவீடும் சரிபார்ப்பும்

இழப்பு விழுக்காட்டை மட்டும் அளப்பது போதாது. காணொளியைச் சுமக்கும் ஆர்டிபி நெறிமுறையின் தலைப்பிலுள்ள 16 பிட் வரிசை எண்ணைப் பல இடங்களில் வைத்த கருவிகளில் பதிவுசெய்து, தொடர்ச்சியாகத் தொலைந்த பாக்கெட்டுகளின் நீளத்தைப் பட்டியலிட்டால்தான் தொகுதியின் அளவையும் ஈட்டின் அளவையும் முடிவு செய்ய இயலும். அறை காலியாக இருக்கும்போது எடுத்த அளவு, மனித உடல்கள் அலையை உறிஞ்சும் நிரம்பிய அறைக்குப் பொருந்தாது. இத்தகைய இழப்பை ஆய்வுமேசையில் மறுபடி உருவாக்கிப் பார்க்க, லினக்ஸின் நெட்எம் கருவியில் கில்பர்ட்-எலியட் மாதிரியையே இழப்பு முறையாகத் தரலாம்.

வைஃபையில் குழுவுக்கான மறையாக்கச் சாவி எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவானது என்பதால், உள்ளே இருக்கும் எவரும் அனுப்புநரைப் போலப் போலிப் பாக்கெட் ஒன்றை விட முடியும், ஈட்டுக் குறிமுறையில் அத்தகைய ஒரு பாக்கெட் நுழைந்தால் தொகுதி முழுவதும் கெட்டுவிடும். ஆகவே மீட்டெடுத்த கோப்பைப் பயன்படுத்துமுன் எண்முறைக் கையொப்பத்தைச் சரிபார்ப்பது கட்டாயம். ஃப்ளூட் தன் பட்டியலில் எம்டி5 தொகையைச் சுமக்க இடம் தந்தாலும், அது தற்செயல் பிழையைக் காட்டப் பயன்படுமேயன்றி வேண்டுமென்றே செய்யும் மோசடியைத் தடுக்காது. நேரலைக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையொப்பமிடுவது சுமையாகும் என்பதால், சாவியைச் சற்றுத் தாமதித்து வெளியிட்டு முந்தைய பாக்கெட்டுகளை மெய்ப்பிக்கும் டெஸ்லா என்னும் முறை 2005இல் ஆர்எஃப்சி 4082இல் விவரிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் அமைப்பில் அனுப்புநர், பெறுநர் கடிகாரங்களிடையே எவ்வளவு விலகல் வரக்கூடும் என்பதன் மேல்வரம்பு தெரிந்திருக்க வேண்டும், சாவிக்கான காத்திருப்பும் தொகுதித் தாமதத்தோடு கூட்டிக் கணக்கிடப்பட வேண்டும்.